மலைச்சரிவும் பழைய வண்டியின் பிறேக்கும்

ஓடுகின்ற வாகனத்தின் பெருமையை அதன் வேகத்தைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. மலைநாட்டுப் பாதைகளை அறிந்தவர்களோ அவ்வாறு அளப்பதில்லை. ஏறுவதற்கு இயந்திரத்தின் வலிமை போதும்; இறங்குவதற்கு நிறுத்தும் ஆற்றல் வேண்டும். ஏற மாட்டாத வண்டி பாதையோரத்தில் நின்றுவிடும். நிற்க மாட்டாத வண்டி எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல இயலாது.

1948 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அம்ஸ்ரர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் முன் வைக்கப்பட்ட லாண்ட் றோவர், பின்னர் நமது தேயிலைத் தோட்டப் பாதைகளில் பழகிய காட்சியாகிவிட்டது. மூன்று வரிசைகளாக 1985 வரை வெளிவந்த அவ்வண்டிகளிற் பல இன்றும் மலைநாட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் அத்தடை தளர்த்தப்படும் வரையிலான காலத்தில், பழைய வண்டியைப் பேணிக் காப்பதன் அருமையை நம்மவர் மீண்டும் உணர்ந்தனர். அவ்வாறு பேணுவோர் முதலில் அறிய வேண்டியது பிறேக்கின் இயல்பேயாகும்.

இதன் அடிப்படை எளியது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அழுத்தம் எங்கும் ஒரே அளவாய்ப் பரவும் என்று 17 ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கூறிவைத்தார். நாம் மிதியை அழுத்தும்போது தலைமைச் சிலிண்டரின் முசலம் எண்ணெயை நெருக்குகின்றது. அந்நெருக்கம் குழாய்வழியே சில்லுகளை அடைந்து, அங்குள்ள சிறு சிலிண்டர்களின் முசலங்களை வெளியே தள்ளுகின்றது. அவை லைனிங் ஒட்டிய பிறேக் சூக்களை, சுழலும் ட்றம்மின் உட்புறத்தோடு அணைக்கின்றன. உராய்வு உண்டாகி ஓட்டம் வெப்பமாய் மாறுகின்றது.

அவ்வெப்பம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். 1,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டி 1,000 மீற்றர் உயரம் இறங்குகையில் ஏறக்குறைய 1 கோடியே 47 இலட்சம் ஜூல் சக்தியை இழக்க வேண்டும். 45 லீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கொதிக்க வைக்க அது போதும். நுவரெலியாவோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இச்சுமை முழுவதையும் பிறேக்கின்மேல் ஏற்றினால் ட்றம் சூடேறி விரியும். லைனிங்கின் பிடி தளரும். எண்ணெயும் கொதிக்கக் கூடும். ஆதலாற்றான் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டுமென்று முதிய சாரதிகள் வற்புறுத்துவர்.

மிதி சொல்லும் செய்தி

வைத்தியர் நாடியைப் பிடித்து நோயறிவதுபோல, மிதியைக் காலால் உணர்ந்தே பெரும்பாலான குறைகளை அறிந்துகொள்ளலாம்.

முதல் மிதிப்பில் மிதி ஆழமாய் இறங்கி, உடனே மறுமுறை மிதிக்க மேலே உயர்ந்து உறுதியாய் நிற்குமாயின், லைனிங் தேய்ந்து ட்றம்முக்கும் அதற்கும் இடைவெளி மிகுந்துவிட்டது என்று கொள்க. இவ்வண்டிகளில் அது தானாகச் சீர்ப்படுவதில்லை. சில்லை உயர்த்தி, பின்தட்டிலுள்ள சரிசெய்யும் ஆணியைச் சில்லு இறுகும் வரை திருப்பி, பின்னர் தடையின்றிச் சுழலுமளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். பழுதென்று கராஜுக்குக் கொண்டு செல்லப்படும் பல வண்டிகளுக்கு இச்சிறு வேலையே போதுமானது.

மிதி பஞ்சை மிதித்தாற்போல் மெத்தென்றிருந்தால் குழாய்களிற் காற்றுப் புகுந்துள்ளது. எண்ணெய் நெருங்காது, காற்று நெருங்கும். தலைமைச் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சில்லில் தொடங்கி, ஒருவர் மிதியை அழுத்த மற்றொருவர் காற்றுவிடும் முளையைத் திறந்து, மிதி மேலெழுமுன் மூடிவிட வேண்டும். குமிழி வருவது நிற்கும் வரை இதைச் செய்க. இடையிடையே தொட்டியை நிரப்பத் தவறினால் வெளியேறிய காற்று மறுபடி உள்ளே வந்துவிடும்.

ஒரே சீராய் அழுத்திப் பிடித்திருக்கையில் மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குமாயின், அதுவே எல்லாவற்றிலும் கொடிய அறிகுறி. எங்கோ எண்ணெய் கசிகின்றது. பின்தட்டுகளின் கீழ்ப்புறம், ரயர்களின் உட்பக்கம், முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாகவுள்ள இறப்பர்க் குழாய்கள், துருவேறிய இரும்புக் குழாய்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டும். வெளியே ஈரம் எங்குமில்லை, தொட்டியிலும் எண்ணெய் குறையவில்லையென்றால், தலைமைச் சிலிண்டரினுள்ளே இறப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் பின்வாங்குகின்றது என்பது தெளிவு. பழைய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே குழாய்த் தொகுதிதான். ஓரிடத்தில் உடைந்தால் நான்கும் கைவிடும் என்பதை மறத்தலாகாது.

ஒருபுறம் இழுப்பதும் விடாது பிடிப்பதும்

பிறேக் பிடிக்கையில் வண்டி வலப்பக்கம் இழுத்தால் குறை பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கும். வலப்புறம் தன் கடமையைச் செய்கின்றது, இடப்புறம் செய்யவில்லை. ட்றம்மைக் கழற்றிப் பார்த்தால் லைனிங் நனைந்திருக்கலாம். அது பிறேக் எண்ணெயா, அச்சிலிருந்து கசிந்த கியர் எண்ணெயா என்பதை அறிய ஓர் எளிய வழியுண்டு. ஒரு துளியை நீரில் விடுக. வழக்கமான பிறேக் எண்ணெய் நீரோடு கலந்துவிடும்; கியர் எண்ணெய் மேலே மிதக்கும். முன்னதாயின் சில்லுச் சிலிண்டரும், பின்னதாயின் அச்சின் எண்ணெய்த் தடுப்பும் குற்றவாளிகள். எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்துவது பொய்ச் சிக்கனம். இரு பக்கத்துக்கும் புதியன இடுவதே முறை.

காலை எடுத்த பின்னும் ஒரு சில்லு மட்டும் இறுகிநின்று சூடேறினால் காற்றுவிடும் முளையைச் சற்றே திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் பீறிட்டுச் சில்லு விடுபட்டால், இறப்பர்க் குழாய் உள்ளே தடித்து எண்ணெயைத் திரும்பவிடாது தடுக்கின்றது. விடுபடாவிட்டால் முசலம் துருப்பிடித்துச் சிக்கியது, அல்லது சூக்களை இழுக்கும் சுருள்வில் சோர்ந்தது. எல்லாச் சில்லுகளும் ஒருங்கே இறுகினால் மிதிக்கும் தலைமைச் சிலிண்டருக்கும் இடையே சிறிது தளர்வு இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

முற்றத்தில் காக்க வேண்டிய விதிகள்

இவ்வண்டியின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை; கியர்ப் பெட்டியின் பின்னே, பின்னச்சுக்குச் செல்லும் தண்டையே பிடிக்கின்றது. ஆகவே பின்சில்லு ஒன்றை ஜாக்கியால் உயர்த்திய கணத்தில், உயர்ந்த சில்லு தன்போக்கிற் சுழல, தரையிலுள்ள சில்லும் உருளலாம். கைப்பிறேக் இழுத்திருந்தும் வண்டி நகர்ந்துவிடும். சமதரையில் நிறுத்தி, தரையிலிருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை அண்டை கொடுத்து, உறுதியான தாங்கியின்மேல் அச்சை இருத்திய பின்னரே கைவைத்தல் வேண்டும்.

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. வாயால் ஊதுவதும் காற்றுக்குழாயால் அடிப்பதும் ஆகா. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் இயந்திர எண்ணெயும் இத்தொகுதியின் இறப்பருக்குப் பகை. அவசரத்துக்கென்று இயந்திர எண்ணெயைத் தொட்டியில் வார்த்தால், வளையங்கள் வீங்கி முழுத் தொகுதியும் பழுதாகும். உரிய எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் காலப்போக்கில் வலுவிழக்கும். டொட் 4 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரையேனும் கொதிக்காது. ஈரம் ஏறியதும் அவ்வெல்லை 155 பாகையளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். இரண்டாண்டுக்கொருமுறை அதை மாற்றுவது நன்று.

குறையை அறிவது வேறு. எல்லாவற்றையும் தாமே திருத்த முற்படுவது வேறு. ஆணியைத் திருப்புதலும் காற்றை நீக்குதலும் கவனமுள்ள எவர்க்கும் கைவரும். தலைமைச் சிலிண்டரின் உட்புறம் அரிக்கப்பட்டிருந்தாலும், ட்றம் வெடித்திருந்தாலும், இரும்புக் குழாய் துருவால் மெலிந்திருந்தாலும் தேர்ந்த கைவினைஞரிடம் செல்வதே அறிவுடைமை. எவர் திருத்திய போதிலும், சமதரையில் மெதுவாய் ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பாராமல் சரிவில் இறங்குதல் கூடாது. அவ்வண்டியில் ஏறுகின்ற பிள்ளைகளும் முதியோரும் பிறேக்கைப் பற்றி நினைப்பதில்லை. அந்த நினைவை அவர்களுக்காகச் சுமப்பதே சாரதியின் கடமையன்றோ?