ஒரு சுவர் போனால் கட்டடமே வீழலாமா?

1968 மே 16 அதிகாலையில், கிழக்கு லண்டனின் ரோனன் பாயின்ட் என்னும் 22 மாடிக் குடியிருப்பின் 18ஆம் மாடியில் எரிவாயு கசிந்து வெடித்தது. பெரிய வெடிப்பன்று, அவ்வீட்டில் இருந்தவரே உயிர் தப்பினார். ஆயினும் சுவர் பெயர்ந்ததும் மேல்தளங்கள் தாங்குவாரின்றிச் சரிந்தன. அவை விழுந்த வேகத்தில் கீழ்த்தளங்களும் அடுத்தடுத்து நொறுங்கின. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் வீழ்ந்தது. நால்வர் இறந்தனர். உள்ளாட்சி மன்றம் எளிய மக்களுக்காகக் கட்டிய அக்குடியிருப்பு திறக்கப்பட்டு இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

சிறு சேதம் பெருவீழ்ச்சியாக வளர்வதையே தொடர் சரிவு என்கிறோம். ரோனன் பாயின்டில் ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பிணைக்கப் போதிய கம்பிகள் இல்லை. பெரிதும் எடையே அவற்றை நிறுத்தியிருந்தது.

இதைத் தடுக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பிணைப்பு. தளம், உத்தரம், தூண் அனைத்தையும் இரும்புக் கம்பிகள் இடையறாது கோத்திருந்தால், ஒரு தூண் போனாலும் மேலுள்ள உத்தரம் கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்து நிற்கும், அறுந்து விழாது. இரண்டாவது, மாற்றுப் பாதை. வடிவமைக்கும்போதே ஒவ்வொரு தூணாக நீக்கிப் பார்த்து, அதன் சுமையை அண்டைத் தூண்கள் ஏற்குமா எனக் கணக்கிடுவது. மூன்றாவது, இழக்கவே கூடாத உறுப்பை மிகுந்த வலிமையுடன் அமைப்பது. பிரிட்டனில் இதற்கான அளவு சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன். அதாவது ஏறத்தாழ மூன்றரை டன் எடையின் அழுத்தம்.

1970இல் பிரிட்டன், ஐந்து மாடிகளும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு இப்பாதுகாப்பைச் சட்டமாக்கியது. ரோனன் பாயின்ட் சீரமைக்கப்பட்டு மீண்டும் மக்கள் குடியேற்றப்பட்டனர். 1986இல் அதைப் பிரித்தபோதோ, பல இணைப்புகள் சரிவர நிரப்பப்படாமலே இருந்தது வெளிப்பட்டது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. கட்டும்போது கண்காணிப்பும் வேண்டும் என்பதே அது தரும் பாடம்.

இப்பாடம் நமக்கும் உரியது. சென்னையில் அரசு வாரியக் குடியிருப்புகளில் தலித் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அத்தகைய குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிரிழப்பு நேரவில்லை. அவர்களைக் காத்தது கட்டடமன்று, அவர்களது விழிப்பே.

குடியிருப்போரின் விழிப்பை நம்பி அரசு வீடு கட்டலாகாது. ஒரு தூணோ சுவரோ போனால் இக்கட்டடம் நிற்குமா? இணைப்புகளைச் சோதித்தவர் யார்? உறுதித்தன்மை ஆய்வு கடைசியாக எப்போது நடந்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இக்கேள்விகளை நாம் எழுப்பலாம். வீடு கிடைத்தால் போதும் என்று நம்மிடம் சொல்லப்படுகிறது. பாதுகாப்பான வீடே நமது உரிமை.