ஆட்டக்களமும் தாளமும்

திருப்பதியை அடுத்த ரங்கம்பேட்டையில், சங்கராந்திக்கு மறுநாளாகிய கனுமப் பண்டிகையன்று, காளைகளின் கொம்பில் கட்டிய பலகையை இளைஞர் பாய்ந்து பறிப்பர். அவ்விளையாட்டில் மேளவொலி காளையை மிரட்டும். கூட்டத்தையோ தெருவுக்கு அழைக்கும். ஆட்டத்திற்கு ஆள் திரட்ட இசையைத் துணைகொள்வது நமக்குப் புதிதன்று.

மேனாட்டு ராக் இசை இதனையே வேறு வகையிற் செய்தது. 1977இல் குவீன் குழுவினர் வெளியிட்ட ‘வீ வில் ராக் யூ’ என்னும் பாடலை, கேட்போரும் கலந்துகொள்ள வேண்டுமென்று கருதியே இயற்றினார் பிரையன் மே. இருமுறை காலால் மிதித்தல், ஒருமுறை கைகொட்டல், அவ்வளவே தாளம். கருவி வேண்டா, மொழியும் வேண்டா. பார்வையாளனே வாத்தியக்காரன் ஆகிவிடுகிறான். ஆகவேதான் பல நாட்டு விளையாட்டரங்குகளும் அதனைத் தமதாக்கிக் கொண்டன.

சென்னைக் கிரிக்கெட் அணிக்கு ஆதரவு திரட்டும் ‘விசில் போடு’ பாட்டும் இவ்வகையினதே. சீழ்க்கையடிக்கத் தெரிந்தாற் போதும். (எனக்கு அது இன்றளவும் கைவரவில்லை!) சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்குப் பள்ளியிற் பயின்று, தமிழ் எழுத்தறியாது வளரும் நம் பிள்ளைகளுக்கு அவ்விரு சொற்களைப் பொருளுணர்ந்து கூவத் தடையேது? அடுத்த வீட்டுத் தெலுங்குச் சிறுவனும் உடன்சேர்ந்து கூவலாம். பொருளை நம் பிள்ளையிடம் கேட்டறிந்து கொள்வான்.