மருந்துப் பொறியியல் மேற்படிப்பு

திருப்பூணித்துறையிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், எம்.பார்ம்., எம்.டெக். ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். இரண்டும் வேறு. பணம் கட்டுமுன் இதனை அறிதல் நலம்.

வீட்டு உருளியில் ஒரு படி கஷாயம் காய்ச்சுதல் எளிது. நூறு படி கொள்ளும் கொப்பரையிலோ, கொள்ளளவு பெருகுமளவிற்குச் சூடு ஏறும் பரப்புப் பெருகுவதில்லை. ஆதலின் காயும் நேரம் மாறும், கஷாயத்தின் குணமும் மாறக்கூடும். மாத்திரையின் நிலை இதனினும் நுட்பமானது. 100 மில்லிகிராம் மாத்திரையில் சிலவேளை 1 மில்லிகிராமே மருந்து. எஞ்சியது மாவும் பால் சர்க்கரையும். லட்சம் மாத்திரைக்குரிய தூளைக் கலக்கையில் ஒன்றில் மிகுந்து மற்றொன்றில் குறைந்தால், உண்பவர் கதி யாது? அதனைத் தடுக்கும் வழிகளைக் கற்பிப்பதே மருந்துப் பொறியியல்.

திருச்சிராப்பள்ளியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மருந்துத் தொழில்நுட்ப எம்.டெக். உண்டு. எறணாகுளத்தில் இரவு காரைக்கால் வண்டி ஏறினால் காலையில் அங்கே இறங்கலாம். தமிழ் கேட்கும் ஊர் என்பதும் ஓர் ஆறுதலே! மொகாலியிலுள்ள தேசிய மருந்தியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றது.

பார்மசி பட்டதாரிகள் ஜிபேட் தேர்விலும், வேதிப்பொறியியலார் கேட் தேர்விலும் தகுதி பெற்று, அங்கீகாரமுள்ள கல்லூரியில் முழுநேரம் பயின்றால் மாதம் ரூ. 12,400 உதவித்தொகை கிடைக்கும். எளிய குடும்பத்திற்கு இது பேருதவி.

ஒன்று மட்டும்: வேதிப்பொறியியல் பயின்று எம்.டெக். பெற்றவர் மருந்தாளுநராகப் பதிவு பெற்று மருந்துக்கடை நடத்த இயலாது. அதற்கு டி.பார்ம். அல்லது பி.பார்ம். வேண்டும்.