கடல் கடந்த வகுப்பறை – 6
கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள்

போன வாரம் வீசா கைக்கு வருவதோடு நிறுத்தியிருந்தேன். இனி பெட்டி கட்டும் படலம். ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குவதால், அங்கே போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில் கிளம்புகிறார்கள். திண்டுக்கல் பக்கம் நாகல் நகரிலோ சின்னாளபட்டியிலோ வேடசந்தூரிலோ அப்படி ஒரு வீட்டுக்குள் போனால் கூடம் முழுக்கச் சாமான் பரப்பியிருக்கும். சின்ன குக்கர், இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், காய்ச்சல் மாத்திரை, ஜர்கின். பெற்றோர் கேட்பதும் பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான்: சாப்பாட்டுக்கு என்ன செய்வான், குளிரை எப்படித் தாங்குவான்?

இரண்டும் நியாயமான கவலை. ஆனாலும் எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரியும் கவலை ஒன்று உண்டு. தெரியாததை வாய்விட்டுக் கேட்கும் பழக்கத்தை நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே இல்லை.

இதற்கு நம் மாநிலத்திலிருந்து போன ஒருவரின் கதையைச் சொல்லியாக வேண்டும். கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறி ஏப்ரல் 14 அன்று லண்டனில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 26. கேம்பிரிட்ஜில் முதல் சில வாரங்கள் கணித அறிஞர் நெவில் வீட்டில் தங்கினார். பிறகு டிரினிட்டி கல்லூரியில் தனி அறை கிடைத்தது. அதே ஊரில் கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்) ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனார். இரவில் குளிரில்லாமல் தூங்க முடிகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் நிறையவே இருந்தன. எல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தது. அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவர் விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார்.

இதை அப்பாவி மேதையின் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு ஒருபோதும் சிரிப்பு வந்ததில்லை. எத்தனை இரவுகள் அப்படி நடுங்கியபடி கிடந்தாரோ! சுற்றிலும் ஆட்கள் இருந்தும் அவர் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொருவர் வந்து இன்னது என்று குறிப்பாகக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆகஸ்டில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. காய்கறிக்குத் தட்டுப்பாடு. கல்லூரிக் கூடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட அவருடைய சைவம் இடம் கொடுக்கவில்லை. அறையில் தனியாகச் சமைத்துக்கொண்டார். 1917இல் நோயில் விழுந்து, 1919இல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டே காலமானார்.

இன்று நம் பிள்ளைகளுக்குக் கம்பளி சிக்கல் இல்லை. அவர்கள் தடுக்கி விழுவது தேர்வில். இங்கே பரீட்சைக் கட்டணம் கட்டச் சொல்லிக் கல்லூரியே நினைவூட்டும், ஹால் டிக்கெட் கைக்கு வரும். ஜெர்மனியில் பெரும்பாலான துறைகளில், எந்தப் பாடத்துக்குத் தேர்வு எழுதப்போகிறோம் என்று மாணவரே குறித்த தேதிக்குள் இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தேதி தவறினால், பருவம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தவராக இருந்தாலும் தேர்வறைக்குள் இடமில்லை. பதிந்துவிட்டுத் தக்க காரணம் இல்லாமல் போகாமல் விட்டால் தோல்வி என்றே கணக்கு.

இதைவிடக் கடுமையானது அரியர் சமாச்சாரம். நம் பொறியியல் கல்லூரிகளில் அரியர் என்பது கிட்டத்தட்ட வீட்டுச் சொல்லாகிவிட்டது. கடைசி வருஷத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று சாதாரணமாகப் பேசுவார்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பே முடிந்துபோகிறது. அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொடர்வதும் பொதுவாக முடியாது. கட்டணம் வாங்கிச் சேர்த்துவிடும் கன்சல்டன்சிகள் இதைக் கிளம்புமுன் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் கேட்க அங்கே ஆள் இருக்கிறது. பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திப்பதற்கென்று நேரம் ஒதுக்கி, அதை அறிவிக்கவும் செய்கிறார்கள். ஒவ்வொரு துறையிலும் ஃபாக்ஷாஃப்ட் என்ற மாணவர் குழு இருக்கும். பழைய வினாத்தாள் கிடைப்பதும், எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுத்தால் தாங்கும் என்று தெரிந்துகொள்வதும் பெரும்பாலும் இவர்களிடம்தான். மனம் சோர்ந்தால் பேசுவதற்கு ஆலோசகர்கள் உண்டு. பேசியது வெளியே போகாது. கதவு திறந்துதான் இருக்கிறது. கேள்வி கேட்டால் "அதிகப்பிரசங்கி" என்று பெயர் வாங்கிய வகுப்பறையில் பதினைந்து வருஷம் உட்கார்ந்த பிள்ளைக்கு, அந்தக் கதவைத் தட்டக் கை எழுவதில்லை. இந்தக் குற்றத்தைப் பிள்ளைகள் மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

கூச்சத்தோடு கடனும் சேர்ந்துகொள்கிறது. 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கின்றன. ஜெர்மனிக்கு மாணவர் பெயரில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டிய தொகை மட்டும் 2024 செப்டம்பர் முதல் வருஷத்துக்கு 11,904 யூரோ. மாதம் 992 வீதம்தான் கைக்கு வரும். வீட்டுப் பத்திரமோ தோட்டத்துப் பத்திரமோ வங்கியில் இருப்பது பிள்ளைக்குத் தெரியும். ஒரு பேப்பர் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? திண்டுக்கல்லில் இரவு ஒன்பது மணிக்கு அப்பா கூப்பிடும்போது டிசம்பரில் அங்கே மாலை நாலரை, இருட்டிக்கொண்டிருக்கும். "சாப்டியாப்பா?" "சாப்ட்டேன்ப்பா." "நல்லாருக்கியா?" "நல்லாருக்கேன்." தினமும் பேசிக்கொள்கிறார்கள், ஒன்றும் வெளியே வருவதில்லை.

ஆகவே பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான். மகலனோபிஸ் கேட்ட மாதிரி குறிப்பாகக் கேளுங்கள். பரீட்சைக்குப் பதிஞ்சாச்சா? எத்தனாவது தடவை எழுதுறே? வகுப்புல பக்கத்துல உட்கார்றது யாரு? இந்த வாரம் யார்கூடச் சேர்ந்து சாப்பிட்டே? கடைசிக் கேள்விக்குப் பல வாரங்களாகப் பதில் வராமல் இருந்தால், மதிப்பெண்ணை விட்டுவிட்டு அதைப் பற்றியே பேசுங்கள்.

"ஒரு பேப்பர் போனாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு, திட்ட மாட்டேன்" என்று கிளம்புமுன் இங்கேயே, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். நவம்பரில் போனில் சொன்னால், தன்மேல் நம்பிக்கை போய்விட்டதோ என்றுதான் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

(தொடரும்)