ஈமு கோழி: முட்டையிடும் முன்பே லாபம் கொடுத்த ‘அதிசயப்’ பறவை... எங்கே உதைத்தது கணக்கு?

விருதுநகர் மார்க்கெட் நிலவரம் தெரியும்தானே? கடலை எண்ணெய் 15 கிலோ டின் என்ன விலை, உளுந்து மூட்டை என்ன விலை, முண்டு வத்தல் குவிண்டால் என்ன விலை என்று நாளிதழ்களில் வரும் பட்டியல். சரக்கு வைத்திருப்பவர், வாங்க நினைப்பவர் இருவருமே அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

அந்தப் பட்டியலில் எப்போதாவது ஈமு கோழியின் விலையைப் பார்த்திருக்கிறீர்களா?

இந்த ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால், 2012-ல் தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் சேமிப்பு தப்பித்திருக்கும்.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பலருடைய வருமானம் தீபாவளி என்ற ஒரே பண்டிகையை நம்பி இருக்கிறது. 2018 அக்டோபரில் பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே அனுமதி என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இந்த நம்பிக்கை எவ்வளவு ஆட்டம் காணும் என்பது ஊருக்கே புரிந்தது. பட்டாசு இல்லாவிட்டால் விவசாயம் பார்க்கலாம் என்றால், அதுவோ வானம் பார்த்த கரிசல் பூமி.

ஆக, ‘சைடுல ஏதாவது பண்ணணும்’ என்ற எண்ணம் இங்கே ரொம்ப இயல்பானது. அந்த நேரம் பார்த்து, ‘ஒரே பண்ணை, மாதம் அரை லட்சம்’ என்ற மாதிரி வீடியோக்கள் மொபைலில் வந்து விழும். பறவை மாறும், மரம் மாறும். கணக்கு மட்டும் மாறாது. அதனால்தான் ஈமு கணக்கை ஒருமுறை முழுசாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில், ஈமு கோழியே இல்லை

ஊர் வழக்கில் ஈமு கோழி என்கிறோம். உண்மையில் இது ஆஸ்திரேலியாவின் பறக்காத பறவை. ஐந்து முதல் ஆறடி உயரம், 30 முதல் 45 கிலோ எடை, மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முட்டை கரும்பச்சை நிறம், அரை கிலோவுக்கு மேல் எடை. அடைகாப்பது அம்மா இல்லை, அப்பா. சுமார் 8 வாரம், பெரும்பாலும் சாப்பிடாமல் முட்டை மேலேயே உட்கார்ந்திருக்கும்.

இறைச்சி, கொழுப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய், தோல், இறகு என எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்பதுதான் விற்றவர்கள் சொன்ன கதை. இந்தியாவில் 1990-களில் ஆந்திராவில் இந்தப் பண்ணைகள் பரவின. பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தன.

பெருந்துறையில் என்ன நடந்தது?

ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாக வைத்துப் பல ஈமு நிறுவனங்கள் முளைத்தன. அதிகம் பேசப்பட்டது சுசி ஈமு ஃபார்ம்ஸ். சினிமா நடிகர்களை வைத்து டிவி விளம்பரம், மாவட்டம் மாவட்டமாகக் கிளை என்று வேகமாக வளர்ந்தது.

திட்டம் இதுதான். நீங்கள் ஒன்றரை லட்சம் ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். நிறுவனம் 6 ஈமு குஞ்சுகள் தரும். கொட்டகை, தீவனம், மருந்து அவர்கள் பொறுப்பு. வளர்ப்பதற்காக உங்களுக்கு மாதம் 6,000 ரூபாய், வருஷத்துக்கு 20,000 ரூபாய் போனஸ். இரண்டு வருஷம் கழித்து டெபாசிட் பணம் அப்படியே திரும்பி வரும். ‘எனக்கு இடமில்லை, நேரமில்லை’ என்பவர்களுக்குத் தனியாக ஒரு விஐபி திட்டம். பறவையை நிறுவனமே வளர்க்கும், உங்களுக்குப் பணம் மட்டும் வரும்.

கணக்கு எங்கே உதைத்தது?

கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

• மாதம் 6,000 வீதம் 24 மாதம்: 1,44,000 ரூபாய்
• இரண்டு வருஷ போனஸ்: 40,000 ரூபாய்
• திரும்பத் தர வேண்டிய டெபாசிட்: 1,50,000 ரூபாய்
• மொத்தம்: 3,34,000 ரூபாய்

வாங்கியது ஒன்றரை லட்சம். தர வேண்டியது மூன்று லட்சத்து முப்பத்து நான்காயிரம். வருஷ வட்டியாகப் பார்த்தால் 61 சதவீதம். வங்கி டெபாசிட் வட்டி 10 சதவீதத்தைத் தொடவே திணறிய காலம் அது.

மீதி 1,84,000 ரூபாயை அந்த 6 பறவைகள்தான் சம்பாதித்துத் தர வேண்டும். ஒரு பறவைக்குச் சுமார் 31 ஆயிரம். 40 கிலோ எடைக்கு வளர்ந்து, இறைச்சிக்கே விற்றாலும் உயிர் எடையில் கிலோ 750 ரூபாய்க்கு மேல் போக வேண்டும். தீவனச் செலவு தனி. ஆட்டுக்கறியே அப்போது அந்த விலைக்குப் போகவில்லை.

சரி, முட்டை விற்று சம்பாதிக்கலாமே? அங்கேதான் விஷயம். ஈமு முட்டையிட ஆரம்பிப்பதே ஒன்றரை முதல் இரண்டு வயதில். அதுவும் வருஷம் முழுக்க இல்லை, குளிர் மாதங்களில்தான். அதாவது, நீங்கள் மாதாமாதம் பணம் வாங்கிய காலத்தில் உங்கள் கொட்டகையில் நின்ற பறவை ஒரு பைசாகூடச் சம்பாதிக்கவில்லை!

அப்போ காசு எங்கிருந்து வந்தது? உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் கட்டிய டெபாசிட்டிலிருந்து. அவருக்கு, அவருக்குப் பின்னால் வந்தவரிடமிருந்து. புதிய ஆள் வருவது நிற்கிற மாதம், எல்லாம் நின்றுவிடும்.

2012 ஆகஸ்டில் நின்றது

மாதப் பணம் தள்ளிப்போனது, அலுவலகங்கள் பூட்டப்பட்டன, போலீஸில் புகார்கள் குவிந்தன. நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் எம்.எஸ். குரு கைதானார். பிற்பாடு கோவையில் உள்ள டான்பிட் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. சுசி மட்டுமில்லை, அடுத்தடுத்து மற்ற ஈமு நிறுவனங்களும் விழுந்தன. இதே பாணியில் ஓடிய நாட்டுக்கோழித் திட்டங்களும் சரிந்தன.

இன்னொரு பக்கம், பறவைகள். தீவனம் வருவது நின்றதும் ஆயிரக்கணக்கான ஈமுக்கள் பட்டினியில் நின்றன. பல செத்தன. கடைசியில் மாவட்ட நிர்வாகமும் கால்நடைத் துறையும் இறங்கித் தீவனம் போட்டன. பிறகு பறவைகள் ஏலத்துக்கு வந்தபோதுதான் உண்மை விலை தெரிந்தது. லட்சக்கணக்கில் பேசப்பட்ட பறவைக்கு வாங்க ஆளே குறைவு.

அமெரிக்காவிலும் 1990-களில் இதே கதைதான். ஒரு ஜோடியின் விலை பல ஆயிரம் டாலர் வரை ஏறியது. வாங்கியவர்கள் யார்? சாப்பிடுகிறவர்கள் இல்லை, புதிதாகப் பண்ணை வைக்க வந்தவர்கள். அவர்கள் வருவது நின்றதும் விலை தரைமட்டம். தீவனம் போட முடியாமல் பறவைகளை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு.

ஆட்டுக்கும் ஈமுவுக்கும் என்ன வித்தியாசம்?

நம்ம பக்கத்து உதாரணமே இருக்கிறது. ஒருவரிடம் நாலு வேம்பூர் ஆடு இருக்கிறது என்று வையுங்கள். திடீர் ஆஸ்பத்திரி செலவு. சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு ஓட்டிப்போனால் மதியத்துக்குள் கையில் காசு. விலை முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் வாங்க ஆள் உண்டு.

ஈமுவை எந்தச் சந்தைக்கு ஓட்டிப்போவது? விற்ற நிறுவனமேதான் வாங்கிக்கொள்ளும் என்றார்கள். நிறுவனம் பூட்டிய அன்று சந்தையும் பூட்டிவிட்டது.

ஆசைக்கு ஒன்றிரண்டு வளர்க்கலாமா?

வீட்டுச் செல்லமாக வளர்க்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டியவை:

• இருபது வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய பறவை. மொட்டை மாடியில் வளர்க்கிற சமாச்சாரம் இல்லை. ஓட இடமும் ஆறடி வேலியும் வேண்டும்.
• பலமாக உதைக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை.
• ஆணி, கம்பித் துண்டு என்று மின்னுவதையெல்லாம் விழுங்கிவிடும்.
• மிரண்டால் வேலியில் மோதிக் காலை உடைத்துக்கொள்ளும். வெடிச்சத்தம் சகஜமான ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.
• ஈமுவுக்கு வைத்தியம் பார்த்த அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதை வாங்கும் முன் விசாரியுங்கள்.

பணம் போடும் முன் மூன்று கேள்விகள்

1. விளைந்த பொருளை, எனக்கு விற்ற நிறுவனத்தைத் தவிர வேறு யார் வாங்குகிறார்கள்? அன்றாட விலையை எங்கே பார்க்கலாம்?

2. முதல் மாதத்திலிருந்தே பணம் வருகிறதென்றால், அது எந்த விற்பனையிலிருந்து வருகிறது?

3. டெபாசிட் வாங்க இவர்களுக்கு அனுமதி இருக்கிறதா? ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பார்க்கலாம். அங்கேயே புகாரும் கொடுக்கலாம்.

ஈமு ஓய்ந்த பிறகும் கதை ஓயவில்லை. மாதம் 25 முதல் 30 சதவீத வட்டி என்ற ஆருத்ரா மீது 2022-லும், மதுரையை மையமாகக் கொண்ட நியோமேக்ஸ் மீது 2023-லும் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்டு முழித்துக்கொண்டிருந்தால், ‘அடுத்த மாசம் தந்துடுவாங்க’ என்று காத்திருக்க வேண்டாம். ரசீது, ஒப்பந்தம், வங்கிப் பரிவர்த்தனை விவரம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு டான்பிட் சட்டம், நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, விற்று, டெபாசிட்தாரர்களுக்குப் பிரித்துத் தர வழி செய்கிறது. அனுமதியில்லாத டெபாசிட் திட்டங்களையே தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019 முதல் இருக்கிறது. ஆனால் சொத்து மிச்சமிருந்தால்தானே பிரித்துத் தர முடியும்? அதனால், எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.