வலைப்பதிவு மதிப்புரைகளில் பயன்தொடர்பை வெளிப்படுத்தல்: இந்திய நெறிமுறைகளும் தமிழ்ச் சொல்லாட்சியும்

முன்னுரை

பொருளைப் பெற்று மதிப்புரை எழுதுவது தமிழ் இதழியலுக்குப் புதிதன்று. இதழ்கள் மதிப்புரைக்கென நூலின் இரு படிகளைக் கோரின. வந்தவற்றை ‘வரப்பெற்றோம்’ என்னும் தலைப்பில் பட்டியலிட்டன. படி விலையின்றி வந்தது என்பதை அறிந்தே வாசகர் மதிப்புரையைப் படித்தார். வலைப்பதிவிலோ எழுதுபவரே பதிப்பிப்பவராகவும் பயன்பெறுபவராகவும் அமைகிறார். ஆதலின் அவ்வறிவு வாசகருக்குத் தானாகக் கிட்டுவதில்லை. இதனை வெளிப்படுத்தும் கடப்பாட்டையும் அதற்குரிய தமிழ்ச் சொல்லாட்சியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நெறிமுறைகளின் வளர்ச்சி

அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் தன் வழிகாட்டியைத் திருத்தி, வலைப்பதிவர்களையும் அதன் எல்லைக்குள் கொணர்ந்தது. விளம்பரத் துறையின் தன்னொழுங்கு அமைப்பான இந்திய விளம்பரத் தர மன்றம் 2021 மே மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அவ்வாண்டு சூன் 14 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 சனவரி 20 அன்று தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. இவற்றின் பின்னணியில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. மீண்டும் நிகழின் அது 50 இலட்சம் வரை உயரும்.

பயன்தொடர்பின் எல்லை

பணம் பெறுவது மட்டுமே பயன்தொடர்பு ஆகாது. விலையில்லாப் பொருள், தள்ளுபடி, பரிசு, பயணம், விடுதித் தங்கல் ஆகியனவும், குடும்ப உறவும் பணியுறவும் இதனுள் அடங்கும். ‘என் சொந்தக் கருத்தையே எழுதினேன்’ என்பது விலக்காகாது. வெளிப்படுத்தல் என்பது எழுதுபவரின் நேர்மையை ஐயுறுவதன்று. கருத்தை எடைபோட வாசகருக்குத் தேவையான தகவலை அளிப்பதாகும்.

இடமும் சொல்லும்

அறிவிப்பு வாசகர் கண்ணுக்குத் தப்பாத இடத்தில் அமைதல் வேண்டும். குறிச்சொற்களின் திரளுக்குள் கலந்துவிடலாகாது. காணொலியாயின் ஒலி, காட்சி ஆகிய இரண்டிலும் இடம்பெறல் வேண்டும். ஆங்கிலத்திலோ விளம்பரத்தின் மொழியிலோ, சராசரி நுகர்வோருக்கு விளங்குமாறு குறிப்பு அமையலாம் என்பது மன்றத்தின் நிலைப்பாடு. இவ்விடத்தில்தான் தமிழ்ப் பதிவுகளுக்குச் சிக்கல் எழுகிறது. தமிழ்ப் பதிவின் ஓரத்தில் நிற்கும் ஆங்கிலச் சுருக்கக் குறி, தமிழ் மட்டும் அறிந்த வாசகருக்கு எதையும் உணர்த்துவதில்லை. ‘இணைந்து வழங்கும்’, ‘நிறுவனத்திற்கு நன்றி’ போன்ற தொடர்களோ உறவைச் சுட்டினும் பெற்ற பயனை மறைக்கின்றன. பணம் பெற்ற பதிவின் தொடக்கத்தில் ‘விளம்பரம்’ என்றும், பொருள் பெற்ற பதிவில் ‘இப்பொருளை நிறுவனம் விலையின்றி வழங்கியது’ என்றும் எழுதுவதே ஐயத்திற்கு இடமற்றதாகும்.

முடிவுரை

‘வரப்பெற்றோம்’ என்னும் ஒரு சொல்லால் அச்சிதழ்கள் நிறைவேற்றிய கடமையை இன்று சட்டமும் நெறிமுறையும் வலைப்பதிவரிடம் கோருகின்றன எனலாம். விதியைச் சொல்லளவில் நிறைவு செய்வதினும், வாசகர் தம் மொழியில் அதனைப் புரிந்துகொள்வதே வெளிப்படுத்தலின் அளவுகோலாதல் வேண்டும்.