குதிரையின் செவி

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலாய எங்கள் கரையூர்களிற் குதிரை அரிது. வண்டி இழுத்தவை எருதுகள். சேற்று வயலை மிதித்தவை எருமைகள். ஆயினும் குதிரை எங்களுக்கு அந்நியமான பிராணியன்று. திருக்குர்ஆனின் 100ஆவது அத்தியாயம் பாய்ந்தோடும் குதிரைகளின்மீது ஆணையிட்டுத் தொடங்குகின்றது. அதனை மனனஞ் செய்யும் எங்கள் பிள்ளைகள், குதிரையைக் கண்ணாற் காணுமுன்னே அதன் குளம்பொலியைச் செவியாற் கேட்டுவிடுகின்றனர். அவ்வாறு கேட்டறிந்த பிராணியின் செவியைப்பற்றியே இங்குச் சில கூற விழைகின்றேன்.

குதிரைக்குச் செவி கேட்கும் பொறி மாத்திரமன்று, பேசும் பொறியுமாகும். இரு செவிகளும் தனித்தனியே திரும்ப வல்லன. அவை முன்னோக்கி நிமிர்ந்தால் ஆவல். தலையோடு ஒட்டிப் பின்னே சாய்ந்தால் சினம், அல்லது நோவு. ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக நின்றால் இரு திசையிலும் கவனம். வாயில்லாச் சீவன் என்று நாம் இரங்குகின்றோம். வாயில்லையாயினும் செவி இருக்கின்றதே! அதன் மொழியைப் படிக்க அறியாதவனே, நோவினால் தலையுதறும் குதிரையை ‘அடங்காக் குதிரை’ என்று கூறிச் சவுக்கை எடுக்கின்றான்.

இவ்வறியாமை இன்று தோன்றியதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் பெருந்தொகையாக வந்திறங்கியதையும், பேணும் முறை அறிந்தவர் இன்மையால் அவை விரைவில் மடிந்ததையும் எழுதியுள்ளார். விற்ற வணிகர் குதிரை வைத்தியரை உடனழைத்து வந்திலர். பிறர் அழைத்து வரவும் விட்டிலர் என்கின்றார். குதிரை மடிந்தாலன்றோ மறுவருடமும் வாணிகம் நடக்கும்! அரபு நாடுகளில் ‘பைத்தரா’ என்னும் விலங்கு மருத்துவம் அந்நாளிலேயே நூல் வடிவில் வளர்ந்திருந்தது. இந்தியாவிலும் நகுலன் பெயரால் ஓர் அசுவ சாஸ்திரம் வழங்கிற்று. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அதனை 1952இற் பதிப்பித்தது. ஆகவே, அறிவு இல்லாமலில்லை. அது லாயத்தின் வாயிலை எட்டவில்லை, அவ்வளவே.

இனி, செவிநோயை எவ்வாறு அறிவது? குதிரை அடிக்கடி தலையை உதறும், செவியைத் தூணில் உரைக்கும், தொட்டால் மிரளும், நேற்றுவரை ஏற்ற கடிவாளத்தை இன்று ஏற்க மறுக்கும். செவியிற் சீழோ துர்நாற்றமோ காணப்படலாம். செவியின் உட்புறத்தில் வெண்ணிறத் தடிப்புகள் சில குதிரைகளுக்கு உண்டு. பாப்பிலோமா வைரசினால் வரும் இவற்றைச் சுரண்டுதல் ஆகாது. இளங்குதிரையின் செவியடியில் ஆறாத துளையொன்று கசிந்துகொண்டிருந்தால், உள்ளே இடந்தவறி முளைத்த பல்லொன்று இருக்கக்கூடும்! சத்திர சிகிச்சையே அதற்கு வழி. ஒரு செவி தொங்கி, உதடு ஒருபுறம் கோணி, தலையுஞ் சாய்ந்து நிற்குமாயின், நோய் உட்செவியின் அருகே நரம்பைத் தொட்டுவிட்டது என அஞ்சி, அன்றே மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கொரு சான்று உண்டு. நுவரெலியாவின் பந்தயக் குதிரைகளின் செவிகளில் ஒருவகை முள்ளுண்ணி வாழ்வதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்து எழுதியுள்ளனர். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இவ்வுண்ணி, இளம்பருவத்திற் செவித்துளையினுட் புகுந்து, குருதி குடித்து, மாதக்கணக்கில் அங்கேயே தங்கும். முதிர்ந்ததும் வெளியே விழுந்து, லாயச் சுவரின் வெடிப்புகளில் ஒளிந்து முட்டையிடும். முதிர்ந்த உண்ணி குருதி குடிப்பதில்லை. ஆதலாற் செவியை மட்டுந் துப்புரவாக்குவது பாதி வேலையே; சுவரின் வெடிப்புகளையும் அடைத்தல் வேண்டும். லாயத்தில் உழைப்போரின் காதுகளுக்கும் இவ்வுண்ணி புகுவதுண்டு. குதிரையின் நோய் மனிதனுக்கு அத்துணை அணித்தே உள்ளது.

கலிபோர்னியாவில் சில குதிரைகள் தசை இழுப்பினால் வருந்தின. பார்த்தோர்க்கு அது வயிற்று நோவாகவே தோன்றிற்று. செவியைச் சோதித்தபோது உள்ளே இவ்வுண்ணிகள்! அவற்றை ஒழித்ததும் குதிரைகள் தேறின. இச்செய்தி 1995இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. நோவு ஓரிடம், அதன் குறி வேறோரிடம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

செய்யத்தகாதனவும் சில உள. செவியினுள் எண்ணெயோ மண்ணெண்ணெயோ வார்த்தல் கூடாது. குச்சி கொண்டு கிளறுதலுங் கூடாது. குதிரையின் செவித்துளை நீண்டு வளைந்தது. உள்ளே சவ்வு கிழிந்திருப்பதை நாம் வெளியிலிருந்து அறியோம். மருத்துவர் மயக்கமருந்தால் குதிரையை அமைதிப்படுத்தி, விளக்கொளியில் உள்நோக்கியே மருந்திடுவார். செவியின் உள்மயிரை அழகுக்காகக் கத்தரித்தலும் தவறு. பூச்சிகளைத் தடுக்கும் இயற்கைத் திரை அது. நலமாயிருக்கும் நாட்களிலேயே தினமும் செவியை மெல்லத் தடவிப் பழக்கினால், மாறுபாடு தோன்றிய அன்றே கை உணர்ந்துகொள்ளும்.

நான் ஆசிரியத் தொழிலில் இருப்பவன். வகுப்பிற் பாராமுகமாயிருக்கும் பிள்ளையின் காதிற் சீழ் வடிகின்றதா என்று பாராமலே அவனை மந்தன் என்பது எத்தகைய கொடுமையோ, அத்தகையதே நோயுற்ற குதிரையை முரடென்பதும். பாண்டிநாட்டிற் குதிரைகள் மடிந்தது பொன் இன்மையாலன்று. பொன் கொடுத்துக் குதிரையை வாங்கியோர், அதனைப் பேணும் அறிவை வாங்கவில்லை. இன்று அவ்வறிவை மறைப்பாரில்லை. சவுக்குக்குக் கை நீளுமுன் செவியை நோக்கும் பொறுமை ஒன்றே நமக்கு வேண்டுவது.